வானத்து ஒளியும் வாதத்தின் முறையும்

வழக்கத்திற்கு மாறான ஒளி ஒன்று வானத்தில் தோன்றினால் அதைக் கண்டவர் வாளா இருத்தல் அரிது. நம் பாட்டன்மார் வால்மீனைக் கண்டு ஊர்ப்பொதுவில் கூடிப் பேசினர். நாம் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறோம்; பிடித்ததை ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். அதைக் கண்டவர் உடனே இரு சாராராகப் பிரிகின்றனர். "இது வேற்றுலகத்தாரின் பறக்கும் தட்டே" என்பர் ஒரு சாரார். "இது பலூன், அல்லது டிரோன், அல்லது சுக்கிரன், இதில் வியக்க என்ன உண்டு?" என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரின் வாதங்களையும் எவ்வாறு சோதிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்கு முன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்.

1. நான் வென்ற வாதம்

சென்ற ஆண்டு நம் விடுதிக் கூடத்தில் நடந்த சொற்போர் சிலருக்கு நினைவிருக்கலாம். "பறக்கும் தட்டுப் படங்களுக்கு இயல்பான விளக்கம் உண்டா?" என்பது தலைப்பு. "உண்டு" என்ற அணியில் நான் பேசினேன். எதிரணியில் முதலாண்டு மாணவர் ஒருவர் தம் தாயார் எடுத்த காணொளியைக் காட்டினார். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூர். இரவு எட்டரை மணி. மொட்டை மாடியிலிருந்து எடுத்த படம். செம்மஞ்சள் நிறத்தில் ஓர் ஒளி மெல்ல மேலே எழுந்து, சிறிது நின்று, நான்கு நிமிடத்தில் மறைந்தது. "அக்கா, இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"சுக்கிரன்" என்றேன் நான். கைதட்டல் எழுந்தது. நடுவர் எங்கள் அணிக்கே வெற்றியைத் தந்தார். அந்த மாணவர் முகம் வாடி அமர்ந்தார்.

ஒரு வாரம் கழித்து அவர் தம் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து என்னிடம் பேசச் செய்தார். அந்த அம்மையாரின் குரலில் சினம் இல்லை; வியப்பே இருந்தது. "ஏ தாயி, வெள்ளி எனக்குத் தெரியாதா? விடியக்காலம் அது முளைக்கிறதப் பாத்துத்தான் பால் கறக்க எந்திரிப்போம். இது பள்ளிக்கூடத்துக்கு மேல, வடக்க நின்னுச்சு" என்றார்.

எனக்கு நா எழவில்லை. சுக்கிரன் சூரியனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே அது மாலையில் மேற்கு வானிலோ விடியலில் கிழக்கு வானிலோ காணப்படுமேயன்றி, இரவு எட்டரை மணிக்குக் கோவில்பட்டிக்கு நேர் வடக்கில் நிற்க இயலாது. மேலும் அது மெல்ல எழுந்து நான்கு நிமிடத்தில் மறைவதும் இல்லை. இயற்பியல் பயிலும் நான் திசையைக் கேட்கவில்லை. பால் கறக்கும் அம்மையார் திசையைக் குறித்து வைத்திருந்தார். எங்கள் அணியின் கொள்கை சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் தந்த விளக்கம் தவறு. தவறான விளக்கத்தால் வென்ற வாதம் அறிவியலுக்கு நன்மை செய்யாது.

2. எல்லையில் தோன்றிய இரு விளக்குகள்

சுக்கிரன் என்ற விடை மெய்யாகவே பொருந்திய நிகழ்ச்சி ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அங்கே அவ்விடை எவ்வாறு கிடைத்தது என்பதைக் காண்போம்.

2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லடாக்கில் நம் படைவீரர் வானில் ஒளிப்பொருள்கள் உலவுவதைக் கண்டனர். பாங்காங் ஏரிக்கு அருகே தாக்குங் என்னும் இடத்தில் இரு பொருள்கள் நாள்தோறும் தோன்றின. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை 329 முறை அவை காணப்பட்டதாகவும், அவற்றுள் 155 முறை எல்லைக் கோட்டைக் கடந்ததாகவும் பதிவாயின. அவை சீனத்தின் உளவு டிரோன்களாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. இது வெறும் ஊர்வம்பு அன்று. 2013 ஏப்ரல், மே மாதங்களில் அதே லடாக்கின் தெப்சாங் பகுதியில் இரு நாட்டுப் படைகளும் மூன்று வாரம் எதிரெதிரே நின்றன. அத்தகைய எல்லையில் ஓர் ஒளியைத் தவறாக அறிதல் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

படையினர் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவியை நாடினர். வானியலார் வீரர்களை எள்ளவில்லை. "எல்லாம் மனமயக்கம்" என்று ஒதுக்கவும் இல்லை. ஒளி தோன்றும் நேரம், திசை, அடிவானிலிருந்து அதன் உயரம் ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ந்தனர். ஒரு பொருள் மாலை ஆறு மணியளவில் தோன்றி விடியற்காலை ஐந்து மணி வரை இருந்தது. மற்றது விடியற்காலை நான்கு மணியளவில் தோன்றி முற்பகல் பதினொரு மணி வரை தெரிந்தது. முன்னது வியாழன், பின்னது வெள்ளி.

இவ்விடை ஏன் பொருந்துகிறது? 2012 டிசம்பர் தொடக்கத்தில் வியாழன் பூமிக்கு ஒருபுறமும் சூரியன் மறுபுறமுமாக நேர் எதிரே நின்றன. எனவே வியாழன் இரவு முழுதும் வானில் இருந்தது. வெள்ளியோ அந்த மாதங்களில் விடிவெள்ளியாகத் திகழ்ந்தது. 2013 தொடக்கத்தில் சூரியனை நெருங்கி மறைந்தது. பாங்காங் ஏரி கடல் மட்டத்திற்கு மேல் 4,200 மீட்டருக்கும் உயரத்தில் உள்ளது. அங்குள்ள மெல்லிய, தூசற்ற காற்றில் பகலிலும் வெள்ளியைக் காண இயலும். நேரம் பொருந்தியது, மாதம் பொருந்தியது, பகலில் தெரிந்ததும் பொருந்தியது. நானும் "சுக்கிரன்" என்றேன். அவர்களும் "வெள்ளி" என்றனர். அவர்கள் அளந்து பார்த்துச் சொன்னார்கள். நான் அளவாமல் சொன்னேன்.

3. சந்திரபூரில் விழுந்த வளையம்

இனி நாம் வாழும் மராட்டிய மாநிலத்திற்கு வருவோம். 2022 ஏப்ரல் 2, குடிபாடவாத் திருநாள். அன்று இரவு எட்டு மணிக்குச் சற்று முன்னர் விதர்ப்பப் பகுதியிலும் மத்தியப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் நெருப்புத் துண்டுகள் வரிசையாக வானைக் கடந்து சென்றன. ஆயிரக்கணக்கானோர் அதைப் படம் பிடித்தனர். "பறக்கும் தட்டுகளின் அணிவகுப்பு" என்றனர் சிலர்; "எரிமீன்" என்றனர் பலர்; அன்றே நியூசிலாந்திலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டின் பகுதி என்றனர் வேறு சிலர். பின்னைய இரண்டும் இயல்பான விளக்கங்களே. ஆயினும் இயல்பான விளக்கம் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

எரிமீன் என்பதை முதலில் சோதிப்போம். எரிமீன்கள் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துள் நுழைகின்றன. பெரும்பாலும் சில வினாடிகளில் எரிந்து மறைகின்றன. பூமியைச் சுற்றி வரும் ராக்கெட்டின் எச்சமோ வினாடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் மிகச் சாய்வாக நுழைகிறது. ஆதலால் அது நெடுநேரம் தெரியும்; பல துண்டுகளாக உடைந்து, துண்டுகள் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். படங்களில் கண்டது இதுவே. எனவே எரிமீன் என்ற விளக்கம் விழுந்துவிட்டது.

எந்த ராக்கெட்டு என்பதற்கு அதன் பாதையைக் கணக்கிட வேண்டும். விண்வெளிப் பொருள்களின் பாதைகளைத் தொடர்ந்து கணித்து வரும் வானியலார் ஜோனதன் மெக்டவல், அது 2021 பிப்ரவரியில் ஏவப்பட்ட சீனத்தின் 'லாங் மார்ச் 3பி' ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு என்று கண்டார். அது பூமிக்குத் திரும்பும் நாளும் பாதையும் ஒத்திருந்தன. அந்த இரவே சந்திரபூர் மாவட்டம் சிந்தேவாகி வட்டத்திலுள்ள லாட்போரி என்னும் ஊரில் மூன்று மீட்டர் அளவுள்ள உலோக வளையம் ஒன்று விழுந்தது. சுற்றுப்புற ஊர்களில் உலோகக் கோளங்களும் கிடைத்தன. வீட்டின் மேல் விழுந்திருந்தால் என்னாவது? அவ்வூர் மக்களுக்கு இது பொழுதுபோக்கு வாதம் அன்று.

இங்கே மற்றொரு செய்தியும் குறிக்கத் தக்கது. அந்த ஒளியைக் கண்டவர் பலரும் "எங்கள் ஊருக்கு நேர் மேலே சென்றது" என்றனர். நிலத்திலிருந்து 80 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் பொருளை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் அடிவானத்தில் காணலாம் என்பது பூமியின் ஆரத்தைக் கொண்டு நாமே போடக்கூடிய கணக்கு. ஆகவே "எங்கள் ஊருக்கு அருகில்" என்ற உணர்வு பொய்யான உணர்வு அன்று. ஆனால் அது தொலைவின் அளவும் அன்று.

4. ஒற்றைக் காமிரா சொல்லாதது

இந்தத் தொலைவுச் சிக்கலே எல்லாப் படங்களுக்கும் அடிப்படை. ஒற்றைக் காமிரா கோணத்தை மட்டுமே அறியும், தொலைவை அறியாது. பத்து மீட்டர் தொலைவில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பறக்கும் பூச்சி, 100 மீட்டர் தொலைவில் 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் பறவை, இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவில் 250 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் ஆகிய மூன்றும் நம் கண்ணுக்குக் குறுக்கே வினாடிக்கு ஏறத்தாழ 6 பாகையே நகரும். படத்தில் மூன்றின் வேகமும் ஒன்றே. அந்தப் பூச்சியையே பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளதாக நாம் தவறாக எண்ணிக்கொண்டால், அதன் வேகம் மணிக்கு 3,600 கிலோமீட்டர் ஆகிவிடும்! பூச்சி விண்கலமாகிவிடும்.

அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று 2015இல் பதிவு செய்து, 2020 ஏப்ரலில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை முறைப்படி வெளியிட்ட 'கோ ஃபாஸ்ட்' என்னும் காணொளி இதற்குத் தக்க சான்று. சிறு பொருள் ஒன்று கடல் மட்டத்தை ஒட்டி அம்புபோல் பாய்வதாக அதில் தோன்றுகிறது. விமானம் ஏறத்தாழ 25,000 அடி உயரத்தில் சென்றது. திரையிலேயே காணும் கோணம், தொலைவு ஆகிய எண்களைக் கொண்டு நாசாவின் ஆய்வுக் குழு 2023 செப்டம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி அப்பொருள் கடலை ஒட்டி இல்லை. 13,000 அடி உயரத்தில் இருந்தது. அதன் வேகம் மணிக்கு 40 மைல் அளவே. காற்றில் மிதந்து செல்லும் பொருளுக்கும் இவ்வேகம் உண்டு. கடல் விரைந்து ஓடுவதாகத் தோன்றியதற்குக் காரணம் விமானத்தின் சொந்த வேகம். புனேயிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும்போது அருகிலுள்ள தந்திக் கம்பம் பின்னோக்கி ஓட, தொலைவிலுள்ள குன்று நம்முடன் வருவதைக் காண்கிறோம் அல்லவா? அதே இடமாறு தோற்றம்தான் இது.

வடிவமும் நம்மை ஏமாற்றும். இன்றிரவே சோதித்துப் பாருங்கள். தொலைவிலுள்ள தெருவிளக்கைக் கைப்பேசியில் இயன்ற மட்டும் பெரிதாக்கிப் பிடியுங்கள். குவியம் தவறும்போது புள்ளி வட்டத் தட்டாகும். கை நடுங்கும்போது தட்டு ஆடும், பாயும், திடீரெனத் திரும்பும். 2019இல் அமெரிக்கக் கடற்படையினர் எடுத்த படத்தில் முக்கோண வடிவில் மின்னிய ஒளிகள் உலகெங்கும் பேசப்பட்டன. இரவில் காணும் கருவி வழியாக வந்த ஒளியைக் காமிராவில் பதிந்ததால் அம்முக்கோண வடிவம் விளைந்தது என்று 2022 மே மாதத்தில் அந்நாட்டு மக்களவைக் குழுவின் முன் அதிகாரிகள் விளக்கினர்.

5. கேட்க வேண்டிய ஐந்து

இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் முறை எளிது. யாரேனும் ஒரு படத்தைக் காட்டினால், "என்ன அது?" என்று கேட்குமுன் பின்வரும் ஐந்தையும் கேட்போம்.

ஒன்று: நாள் எது, மணி எத்தனை? அந்த நேரத்தில் எக்கோள் எங்கே நின்றது, எச்செயற்கைக்கோள் கடந்தது என்பதைக் கணக்கிட இயலும். 2019 மே முதல் ஏவப்பட்டு வரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஏவிய சில நாள்கள் வரை மணிமாலைபோல் வரிசையாகச் செல்வதைப் பலர் கண்டு திகைத்துள்ளனர். 2022 டிசம்பர் 15 மாலையில் வங்காள மக்கள் கண்டு வியந்த ஒளி, அன்று ஒடிசாக் கரையிலிருந்து சோதிக்கப்பட்ட அக்னி-5 ஏவுகணையோடு நேரத்தாலும் திசையாலும் பொருந்தியது.

இரண்டு: இடம் எது, திசை எது?

மூன்று: அடிவானிலிருந்து எவ்வளவு உயரம்? கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. இதற்குக் கருவி வேண்டியதில்லை.

நான்கு: எவ்வளவு நேரம் தெரிந்தது, எவ்வாறு மறைந்தது? சட்டென அணைந்ததா, மங்கியதா, மறைவில் சென்றதா?

ஐந்து: படத்தில் இல்லாதது எது? ஒலி, காற்றின் போக்கு, உடன் கண்டவர், படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடந்தவை.

இவ்வைந்துக்கும் விடை கிடைத்த பிறகே விளக்கம் கூற வேண்டும். கூறிய விளக்கம் ஐந்தோடும் பொருந்த வேண்டும். நான்கில் பொருந்தி ஒன்றில் பொருந்தாவிடில் விளக்கத்தைத்தான் கைவிட வேண்டும். அந்த ஒன்றைக் கைவிடலாகாது.

இம்முறையைக் கோவில்பட்டிப் படத்திற்கும் கையாண்டேன். அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஐந்து வினாக்களையும் கேட்டேன். ஒலி ஏதும் இல்லை என்றார். காற்று அடித்த பக்கமே ஒளி நகர்ந்தது என்றார். அன்று பக்கத்து ஊரில் அம்மன் கொடை என்றார். இறுதியாக, நான் கேளாமலே, "நான் போன கீழ வச்ச பெறகு இன்னொண்ணும் அதே பக்கமிருந்து எந்திரிச்சுப் போச்சு தாயி" என்றார். விழாவில் பறக்கவிட்ட காகித விளக்குகளாக இருக்கலாம் என்பது இப்போது என் கருத்து. செம்மஞ்சள் நிறம், ஒலியின்மை, காற்றோடு நகர்ந்தது, எரிபொருள் தீர்ந்ததுபோல் மங்கி மறைந்தது, ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது ஆகிய யாவும் அதற்கு ஒத்துவருகின்றன. விளக்கை ஏவியவரை நான் கண்டறியவில்லை. ஆகையால் "இருக்கலாம்" என்றே எழுதுகிறேன். இக்கருத்துக்கு வலுவான சான்று படத்தில் இல்லை. படம் எடுத்தவரின் வாயில் இருந்தது. என் பழைய விடையோடு நான் நின்றிருந்தால் அது எனக்குக் கிடைத்திராது.

6. தெரியாது என்னும் விடை

எல்லா நிகழ்ச்சிக்கும் இவ்வாறு விடை கிடைத்துவிடும் என்று கருத வேண்டா. 2023 நவம்பர் 19 பிற்பகலில் இம்பால் விமான நிலையத்திற்கு மேல் அடையாளம் தெரியாத பொருள் ஒன்று காணப்பட்டது. விமானப் போக்குவரத்து சில மணி நேரம் நிறுத்தப்பட்டது. விமானப்படை தேடியது, அதன்பின் அப்பொருள் தென்படவில்லை. தொலைவும் உயரமும் அளக்கப்படாத இத்தகைய நிகழ்ச்சியைப் பலூன் என்று சாதிப்பதும் முறையன்று. வேற்றுலக ஊர்தி என்று சாதிப்பதும் முறையன்று. "அடையாளம் தெரியாத" என்ற சொல் நம் அறியாமையைக் குறிக்கிறதேயன்றி அப்பொருளின் பண்பைக் குறிக்கவில்லை. "தெரியாது" என்று எழுதிவைத்தல் தோல்வி ஆகாது.

வேற்றுலகில் உயிர் உண்டா என்று தேடுவதே பேதைமை என்று எண்ணுவோரும் நம்மிடை உண்டு. அவர்களுக்கு நம் வளாகத்திலேயே விடை இருக்கிறது. 1988இல் இங்கு நிறுவப்பட்ட அயூகா வானியல் மையத்தின் முதல் இயக்குநர், 2025இல் மறைந்த பேராசிரியர் ஜயந்த் நர்லிகர். அவர் வழிகாட்டுதலில் 2001இலும் 2005இலும் ஐதராபாத்திலிருந்து பெரும் பலூன்கள் விடப்பட்டன. ஏறத்தாழ 41 கிலோமீட்டர் உயரம் வரையுள்ள காற்று, நுண்ணுயிர் கலவாத கலங்களில் திரட்டப்பட்டது. இரண்டாம் சோதனையில் பூமியில் அதுவரை அறியப்படாத மூன்று பாக்டீரிய இனங்கள் கிடைத்தன. நம் வளாகத்திலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தாரும் அவற்றை ஆராய்ந்தனர். 2009இல் முடிவு அறிவிக்கப்பட்டது. புதிய இனங்கள் என்று அறிவித்தார்கள். அவை விண்ணிலிருந்து வந்தவை என்று உறுதியாக நிறுவப்படவில்லை என்பதையும் உடன் அறிவித்தார்கள். வேற்றுலக உயிரைக் காணும் ஆவல் அவர்களைவிட யாருக்கு மிகுதி? ஆயினும் சான்று நின்ற இடத்தில் அவர்களும் நின்றார்கள்.

நண்பர்களே! ஊரைவிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து நாம் அறிவியல் பயில்கிறோம். வீட்டார் ஓர் ஒளிப்படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்பது நம் படிப்பின் மேல் அவர்கள் வைத்துள்ள மதிப்பால். அதற்கு ஏளனம் விடையாகாது. ஆராயாத ஒற்றைச் சொல்லும் விடையாகாது. அடுத்த முறை அத்தகைய படம் வரும்போது, "எந்தப் பக்கம் பார்த்து எடுத்தீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். அந்த முதலாண்டு மாணவருக்கு நான் இச்சங்கத்தின் முன் ஒரு கடன் பட்டிருந்தேன். நம் அணி அன்று வென்ற வெற்றி செல்லாது என்று இங்கே பதிந்து அக்கடனைத் தீர்க்கிறேன்.